பேட்டரியின் நெற்றி

சிவகாமசுந்தரியிடம் ஆறு பேட்டரிகள் இருந்தன. ஒவ்வொன்றும் செங்கல் அளவு. கையில் எடுத்தால் ஒன்றரைக் கிலோ கனக்கும். ஓரத்தில் வெள்ளைப் பெயின்டால் ஒன்றிலிருந்து ஆறு வரை எண் எழுதி வைத்திருந்தாள். புல் வெட்டும் மெஷின், வேலிச்செடி வெட்டும் மெஷின், இலைகளை ஊதித் தள்ளும் புளோவர், கிளை அறுக்கும் சின்ன ரம்பம் எல்லாவற்றுக்கும் இதே பேட்டரிகள்தான்.

தேக்கா சந்தைக்குப் பின்னால் பதினோராம் மாடியில் இருந்த அவர்களுடைய வீவக அரசு அடுக்குமாடி வீட்டில் பேட்டரிகளுக்கென்று சில சட்டங்கள் இருந்தன. தரை ஓட்டின் மேல் வைத்துத்தான் சார்ஜ் செய்ய வேண்டும். சோபா, மெத்தை அருகே ஆகாது. வீட்டில் ஆள் இல்லாதபோது சுவிட்சைப் போடக் கூடாது. வேலை முடிந்து சூடாக வருவதை ஆறவிட்ட பிறகே சார்ஜரில் ஏற்ற வேண்டும். ஒரு வாரத்துக்கு வேலை இல்லையென்றால் பாதிச் சார்ஜில் நிறுத்திவிட வேண்டும். வெயிலில் நிற்கும் லாரிக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. இதையெல்லாம் எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தாள்.

"கல்யாணத்துக்குக்கூட ஒங்கப்பா இத்தன கண்டிஷன் போடல," என்றார் அவள் கணவர் துரைசாமி.

அவர் இருபது வருடமாகப் புல் வெட்டுகிறவர். சொந்தமாக ஒரு சின்ன லாரி, இரண்டு பெட்ரோல் மெஷின், தீவு முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக வாடிக்கை வீடுகள். சிவகாமசுந்தரி அங் மோ கியோவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் சர்க்கியூட் பலகைகளைச் சோதித்தவள். அந்தப் பிரிவை வேறு நாட்டுக்கு மாற்றியபோது வேலையை விட்டுக் கணவரோடு லாரியில் ஏறினாள். இரண்டே வாரத்தில் பெட்ரோல் மெஷின் அவளுக்கு வெறுத்துவிட்டது. எத்தனை முறை துவைத்தாலும் சட்டையில் புகை நாற்றம் போகவில்லை. எதைச் சொன்னாலும் துரைசாமி "ஆ?" என்றார். அவருக்குக் காது மந்தமாகி வருவதை அதுவரை அவள் கவனமின்மை என்றே நினைத்திருந்தாள்.

மார்ச் மாதத்தில் தன் கைப்பணத்தைப் போட்டு பேட்டரி மெஷின்களை வாங்கினாள். பெட்ரோல் மெஷின் இரண்டும் துரைசாமியின் நண்பர் அப்துல் கஃபாரிடம் போயின. அவரும் இதே தொழில்தான். விற்கவில்லை, கொடுத்து வைத்திருந்தார்கள். "தீபாவளி வரைக்கும் பார்ப்போம். சரிப்படலன்னா திருப்பி வாங்கிக்குவேன்," என்று துரைசாமி சொன்னதற்கு அவள் ஒத்துக்கொண்டிருந்தாள்.

சரிப்படவில்லை என்பதற்குக் காரணம் மெஷின் அல்ல, தூரம். காலையில் ஈசூனில் ஒரு வீடு, அடுத்தது பாசிர் ரிஸில், அதற்கடுத்தது புக்கிட் தீமாவில். பெட்ரோல் என்றால் வழியில் நிரப்பிக்கொள்ளலாம். பேட்டரி தீர்ந்தால் வீட்டுக்குத்தான் வர வேண்டும். ஒரே தெருவில் ஏழெட்டு வீடு கிடைத்தால் ஆறு பேட்டரி தாராளம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். அந்தத் தெரு செப்டம்பர் கடைசியில் காத்தோங்கில் கிடைத்தது.

சிலோன் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்து. வரிசையாக எட்டு வீடு. அவற்றில் ஒரு வீட்டுக்காரி லொரைன். சந்துக்காரர்கள் பாதிப்பேர் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள். புல் வெட்டும் பழைய குத்தகைக்காரர் பெட்ரோல் மெஷினோடு வரும் நாளெல்லாம் சத்தம் தாங்காமல் சந்தின் வாட்ஸ்அப் குழுவில் சண்டை. "ஒரு காலையில எட்டு வீட்டையும் செஞ்சு காட்டுங்க ஆன்ட்டி. எட்டரையிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும். எட்டுப் பேரும் ஓகேன்னா உங்களுக்கே கொடுத்துடுவோம்," என்றாள் லொரைன். நாள் வியாழக்கிழமை என்று முடிவானது. துரைசாமி நாட்காட்டியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அன்றைக்கு விஜயதசமி. அதைவிட நல்ல நாள் வேறு எது?

முந்தைய நாள் ஆயுத பூஜை. அன்று ஆயுதங்களைத் தொட்டு வேலை செய்யக் கூடாது. சிவகாமசுந்தரி மெஷின்களை உலர்ந்த துணியால் துடைத்து, வெட்டுத்தகடுகளுக்கு எண்ணெய் போட்டு, ஆறு பேட்டரிகளையும் மாலை ஐந்து மணிக்குள் முழுச் சார்ஜ் ஏற்றி எடுத்துக் கணவரிடம் கொடுத்துவிட்டுச் சுண்டல் தாளிக்கப் போனாள். ஜோடிப்பது எப்போதும் துரைசாமியின் பொறுப்பு. பன்னீர் விட்டுச் சந்தனம் குழைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் மெஷின்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தார். அவள் ஈரக் கையோடு வந்து பார்த்தபோது புளோவரின் குழாயிலும் ரம்பத்தின் பிடியிலும் சார்ஜரின் தலையிலும் பொட்டு இருந்தது. பேட்டரிகள் ஒரு பெரிய எவர்சில்வர் தட்டில், சாமந்திப் பூவுக்கு அடியில் இருந்தன. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

விடிந்ததும் மறுபூஜை செய்து, பேட்டரிகளைத் துரைசாமியே பெட்டியில் அடுக்கினார். வழியில் செண்பக விநாயகர் கோயில் வாசலில் லாரியை ஓரங்கட்டி ஒரு கும்பிடு. எட்டு இருபதுக்குச் சந்துக்குள் நுழைந்துவிட்டார்கள்.

லொரைன் கழுத்தில் ஹெட்போனோடு வாசலுக்கு வந்தாள். "பதினொன்னு வரைக்கும் எனக்கு மீட்டிங் ஆன்ட்டி. நீங்க பாட்டுக்கு ஸ்டார்ட் பண்ணிடுங்க. ஏதாவது வேணும்னா அப்பாகிட்ட கேளுங்க." அவளுடைய அப்பா ஆம்ப்ரோஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். போர்ட்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கிரிக்கெட் மேட்ச் பார்க்க வந்தவர்போல உட்கார்ந்திருந்தார்.

துரைசாமி வேலிச்செடி மெஷினில் ஒன்றாம் பேட்டரியைச் சொருகி விசையை அழுத்தினார். நான்கு சிவப்பு விளக்குகள் மின்னி அணைந்தன. இன்னொருமுறை அழுத்தினார். அதே நான்கு விளக்கு. இரண்டாம் பேட்டரியைப் புல் மெஷினில் போட்டார். அதில் விளக்குகூட வரவில்லை.

சிவகாமசுந்தரி பேட்டரியை உருவி வெளிச்சத்தில் திருப்பினாள். மெஷினோடு பொருந்தும் பக்கத்தில் வரிசையாக ஐந்து பிளவுகள் இருக்கும். அவற்றுக்குள் செம்புத் தகடுகள். ஐந்து பிளவையும் மூடி மஞ்சளாகச் சந்தனம் காய்ந்திருந்தது. நடுவில் வட்டமாகக் குங்குமம்.

"என்னங்க இது?"

"பொட்டு. நேத்து வெச்சது."

"இங்கயா வெப்பாங்க?"

"பின்ன எங்க வெக்கிறது? எல்லாத்துக்கும் ஒரு மூஞ்சி இருக்குல்ல. இதுக்கு இதான் மூஞ்சி. மத்த பக்கமெல்லாம் முதுகு மாதிரி இருந்துச்சு."

அவள் மறுபடி திருப்பிப் பார்த்தாள். ஐந்து பக்கமும் கறுப்பு ரப்பர். ஆறாவது பக்கத்தில் மட்டும்தான் கண் மூக்கு மாதிரி ஏதோ இருந்தது. அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியாதது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஆறுக்குமா வெச்சீங்க?"

"ஒன்னுக்கு வெச்சு இன்னொன்ன விட முடியுமா? பெட்ரோல் மெஷினுக்கு இருவது வருஷமா டேங்க்ல வெச்சேன். ஒருநாளும் கோவிச்சுக்கல."

சொல்லிக்கொண்டே சாவிக்கொத்திலிருந்து ஊக்கைக் கழற்றிப் பிளவுக்குள் விடப்போனார். அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "அதுக்குள்ள இரும்பு போகக் கூடாது. ரெண்டு தகட்டையும் சேத்துத் தொட்டுச்சுன்னா கையில வெடிக்கும்."

துரைசாமி ஊக்கைத் திரும்ப மாட்டினார். மணி எட்டு முப்பத்தைந்து. கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "கஃபாருக்கு இன்னைக்கு மரின் பரேட்லதான் வேலை. போன் போட்டா பத்து நிமிஷத்துல மெஷினோட வந்துடுவான்."

"வந்து? இந்தச் சந்துல அந்த மெஷின் ஒருதடவ சத்தம் போட்டுச்சுன்னா, அப்புறம் நம்மள எதுக்குக் கூப்பிடணும்? பழைய ஆளே இருக்காரே."

துரைசாமி போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆம்ப்ரோஸ் எழுந்து வந்தார். "என்ன தம்பி, மெஷின் இன்னைக்கு மௌன விரதமா?" பேட்டரியைக் கையில் வாங்கி மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். தோள் குலுங்கச் சிரித்தார். "கவலப்படாதீங்க. எங்க பங்குல புதுசா மைக் செட் வாங்குனப்ப ஃபாதர் அதுக்குத் தீர்த்தம் தெளிச்சாரு. கொஞ்சமா தெளிச்சிருக்கலாம். ரெண்டு மாசத்துக்குப் பூசையில கொர்ருன்னு ஒரு சத்தம். பிரசங்கத்துல யாரும் தூங்கல, அது ஒன்னுதான் லாபம்."

சிவகாமசுந்தரி சிரிக்கும் நிலையில் இல்லை. "அண்ணே, வீட்ல ஸ்பிரிட் இருக்குமா?"

"குடிக்கிறதா, தொடைக்கிறதா?"

"தொடைக்கிறது. கைக்குப் போடுற ஜெல் ஆகாது. அதுல பிசுபிசுப்பு இருக்கும்."

"சர்க்கரைக்காரன் வீட்ல அது இல்லாமலா," என்று உள்ளே போனவர் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். ஊசி போடுவதற்கு முன்னால் தோலைத் துடைக்கும் சின்னச் சின்ன ஸ்பிரிட் பஞ்சுகள், தனித்தனி உறையில். நூறு இருக்கும். கூடவே பல்குத்தும் மரக்குச்சி ஒரு டப்பா.

போர்ட்டிகோ மேசையில் செய்தித்தாளை விரித்தார்கள். தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் செய்த வேலை அவள் கைக்கு உடனே வந்துவிட்டது. பேட்டரியைக் கவிழ்த்துப் பிடித்து, முதலில் காய்ந்த சந்தனத்தை மரக்குச்சியால் வெளிப்பக்கமாகச் சுரண்ட வேண்டும். உள்ளே தள்ளக் கூடாது. தட்டி உதிர்க்க வேண்டும். பிறகு பஞ்சைக் குச்சி நுனியில் சுற்றி ஒவ்வொரு பிளவாகத் துடைக்க வேண்டும். பஞ்சு வெள்ளையாகவே வெளிவரும் வரை மாற்றி மாற்றி. ஆம்ப்ரோஸ் உறைகளைப் பிரித்துக் கொடுத்தார். பிறகு அவரும் ஒரு பேட்டரியை எடுத்துக்கொண்டார். நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து கண்டெய்னரைக் கப்பலில் பொருத்தின கை, நிதானமாக இருந்தது.

"சந்தனம் நல்ல சந்தனம். வாசன பாருங்க," என்றார்.

"செராங்கூன் ரோட்ல வாங்குனது," என்றார் துரைசாமி, கொஞ்சம் தெம்பு வந்து.

சிவகாமசுந்தரி நிமிர்ந்து பார்த்தாள். அவர் சும்மா நிற்காமல் லாரியிலிருந்து கைக்கத்தரியையும் ஈர்க்கு விளக்குமாற்றையும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். எட்டு வீட்டிலும் மெஷின் எட்டாத மூலைமுடுக்கை வெட்டி, காய்ந்த மட்டைகளைப் பொறுக்கிப் பைகளில் கட்டினார். எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான். கடைசியில் செய்வதை முதலில் செய்தார்.

மூன்றாம் பேட்டரி முதலில் சுத்தமானது. ஸ்பிரிட் காயும் வரை மேசை விசிறிக்கு முன்னால் வைத்திருந்து, மெஷினின் உள்வாயையும் துடைத்துவிட்டு, மணி ஒன்பது நாற்பதுக்குச் சொருகினாள். மூன்று பச்சை விளக்கு. துரைசாமி விசையை அழுத்த, வேலிச்செடியின் மேல் தகடு சரசரவென்று ஓடத் தொடங்கியது. ஆம்ப்ரோஸ் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, "எங்க வீட்டு மிக்சி இதவிடக் கத்தும்," என்றார்.

பத்தரைக்குள் நான்கு தேறிவிட்டன. ஐந்தும் ஆறும் தேறவில்லை. குழைத்த சந்தனம் மிஞ்சிப்போனதால் கடைசி இரண்டுக்கும் துரைசாமி தாராளமாகக் கட்டைவிரலால் அழுத்தி அப்பியிருந்தார். அடிவரை இறங்கி இறுகியிருந்தது. அவள் அந்த இரண்டையும் தனியே பெட்டியில் வைத்தாள்.

இனி நான்கை வைத்து ஆறின் வேலையை ஓட்ட வேண்டும். லாரியில் கொண்டுவந்த சார்ஜரைச் சொருக ஆம்ப்ரோஸ் போர்ட்டிகோவில் ஒரு சுவிட்சைக் காட்டினார். துரைசாமி வெட்டிக்கொண்டே போக, அவள் பின்னால் இலைகளைக் கூட்டுவதும் தீர்ந்த பேட்டரியை வாங்கி வருவதுமாக நடந்தாள். ஒவ்வொன்றையும் காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையால் தொட்டுப் பார்த்து விசிறிக்கு முன்னால் வைத்தாள். சார்ஜர் காலியாகவே இருந்தது.

"நேரம் போகுது சிவகாமி. ஏத்திவிடு," என்று துரைசாமி வந்து நின்றார்.

"ஆறட்டும்."

"ஒருநாளைக்கு ஒன்னும் ஆகாது லா."

"நீங்க ஏத்தினாலும் சார்ஜரே எடுத்துக்காது. சூடு இறங்குற வரைக்கும் மஞ்சள் விளக்குதான் எரியும். போய் அடுத்த வீட்டப் பாருங்க."

பதினொன்று பத்துக்கு லொரைன் வெளியே வந்தாள். சந்தின் அந்தக் கோடியில் துரைசாமி தொப்பியைக் கழற்றித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சிவகாமசுந்தரி மேசையருகே ஒரு பேட்டரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். லொரைனின் முகம் மாறியது.

"ஆன்ட்டி, இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலையா? பன்னெண்டுக்குள்ள முடிக்கணும்னு சொன்னேனே."

ஆம்ப்ரோஸ் கட்டைவிரலால் அவளுக்குப் பின்னால் காட்டினார். லொரைன் திரும்பினாள். அவளுடைய ஜன்னலுக்கு வெளியே இருக்கும் வேலிச்செடி நூல் பிடித்ததுபோல வெட்டப்பட்டிருந்தது. புல்லும் முடிந்து, நடைபாதை பெருக்கியிருந்தது. அவள் செடியை ஒருமுறை கையால் தடவிப் பார்த்தாள்.

"நான் அந்த ஜன்னல் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தேன். எப்ப வெட்டினீங்க?"

"பத்து மணி இருக்கும்."

அந்த இடத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சிவகாமசுந்தரி மிச்சத்தையும் சொன்னாள். சந்தனத்தால் ஒரு மணி நேரம் தாமதமானதை, நான்கு பேட்டரிதான் ஓடுகிறது என்பதை, எட்டாவது வீடு பன்னிரண்டு மணிக்குப் பாதியில்தான் நிற்கும் என்பதை.

லொரைன் உதட்டைக் கடித்தாள். "எட்டாவது வீடு ஹஸீனா அக்கா. அவங்க கொஞ்சம் ஸ்ட்ரிக்ட் ஆன்ட்டி. ஒருத்தர் நோ சொன்னாலும் குரூப்ல மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு எட்டாவது வீட்டின் வேலி நடுவில் மெஷின் நின்றது. வலப்பக்கம் இடுப்பளவுக்கு ஒழுங்காக இருந்தது. இடப்பக்கம் தலைவிரித்து நின்றது. ஹஸீனா வெளியே வந்து இரண்டு பக்கத்தையும் பார்த்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுப்பவர். அன்று விடுப்பில் இருந்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"பேட்டரி தீர்ந்துடுச்சுங்க."

"அந்தப் பெட்டியில ரெண்டு இருக்கே."

"அத இன்னைக்குப் போடக் கூடாது."

"போட்டா என்ன ஆகும்? ஓடாதா?"

"ஓடினாலும் ஓடும். உள்ள தகடு சரியாத் தொடாது; தொடுற எடம் மட்டும் சூடாகித் தீஞ்சுபோகும். உங்க செடிக்கு ஒன்னும் ஆகாது. பேட்டரிக்கு ஆகும்."

துரைசாமி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். ஹஸீனா பெட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பேட்டரி ஓரத்தில் எழுதியிருந்த எண்களைக் குனிந்து படித்தார்.

"நாளைக்கு எத்தன மணிக்கு வருவீங்க?"

"எட்டரைக்கு."

"ஒம்பதுக்கு நான் கெளம்பணும். அதுக்குள்ள முடிஞ்சா பார்த்துட்டுச் சொல்றேன். முடியலன்னா அப்பவும் சொல்றேன்."

வீட்டுக்குத் திரும்பியதும் துரைசாமி சாப்பிடாமலேயே ஜாலான் புசாருக்கு நடந்துபோய், ஒரு ஹார்ட்வேர் கடையில் மின்தொடர்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரேயும் மெல்லிய நைலான் பிரஷ்ஷும் வாங்கி வந்தார். யாரும் வாங்கச் சொல்லவில்லை. அன்று பிற்பகல் முழுக்க இருவரும் ஹால் தரையில் உட்கார்ந்து ஐந்தையும் ஆறையும் துடைத்தார்கள். அவள் கற்றுக்கொடுக்கவில்லை, அவர் பக்கத்திலிருந்து பார்த்துச் செய்தார். "இந்தப் பிளவுல இன்னும் இருக்கு," என்று ஒருமுறை அவரே கண்டுபிடித்துக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கு ஐந்தாம் பேட்டரி பச்சை விளக்குக் காட்டியது. மிச்ச வேலிக்கு இருபது நிமிடம் ஆனது. ஹஸீனா கார்ச் சாவியோடு வாசலில் நின்று, ஒற்றைக் கண்ணை மூடி நேற்று வெட்டியதும் இன்று வெட்டியதும் ஒரே மட்டமா என்று பார்த்தார்.

"கேட்டு பக்கத்துல ஒரு இன்ச் ஏறியிருக்கு."

துரைசாமி போய்ப் பார்த்தார். ஏறித்தான் இருந்தது. இறக்கினார். ஹஸீனா தலையை ஆட்டி, போனை எடுத்து ஏதோ தட்டிவிட்டுக் காரில் ஏறினார். முகத்திலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

இருவரும் முக்குக் கடையில் தேநீருக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது சிவகாமசுந்தரியின் போனுக்கு வாட்ஸ்அப் செய்தி வந்தது. லொரைன். எட்டு வீடும் ஓகே. ஒன்று விட்டு ஒரு வியாழன். அப்பா போர்ட்டிகோ சுவிட்சை எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார். துரைசாமி போனை வாங்கி அதை இரண்டுமுறை வாய்விட்டுப் படித்தார். பிறகு தம்முடைய போனை எடுத்து கஃபாரை அழைத்தார். "அந்த ரெண்டு மெஷினும் ஒனக்கே இருக்கட்டும். ஒரு வெல பேசிக்குவோம்," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

தேநீர் வந்தது. கொஞ்ச நேரம் ஆற்றிக் குடித்தார்கள்.

"ஒன்னு விட்டு ஒரு வியாழன்னா, நடுவுல வர்ற வியாழன்ல என்ன பண்றது?" என்றார்.

"பக்கத்துச் சந்து. வர்றப்ப பார்த்தேன், பத்து வீடு இருக்கு."

துரைசாமி கோப்பையை வைத்துவிட்டு விரல்விட்டு எண்ணினார். "பத்து வீட்டுக்கு ஆறு பேட்டரி பத்தாது. ஆறவெக்கிற நேரம் வேற இருக்கு."

"தெரியும்," என்றாள் சிவகாமசுந்தரி. "இன்னும் ரெண்டு வேணும்."